இஞ்சின் அறையில் கிடந்த போல்ட்: லங்காவியில் ஒரு பாய்மரப் படகு

பின்னணி

மலேசியாவின் லங்காவித் தீவில் நிறுத்தியிருந்த 34 அடிப் பாய்மரப் படகு இது. 1980-களில் பிரான்சில் கட்டப்பட்டது. ஐரோப்பாவிலிருந்து உலகம் சுற்றக் கிளம்புகிறவர்களில் சிலர் லங்காவி வரை வந்து, படகை விற்றுவிட்டு விமானம் ஏறிவிடுவார்கள். இதுவும் அப்படிக் கைமாறிய படகுதான். வாங்கியவர் பினாங்கைச் சேர்ந்த ஓய்வுபெற்ற தமிழர். அவரும் மனைவியும் வருடத்தில் சில மாதம் படகிலேயே தங்குவார்கள். நான் அந்தப் படகுத்துறையில் மெக்கானிக் அண்ணன் ஒருவருக்கு உதவியாக வேலை பார்க்கிறேன். உரிமையாளரின் சம்மதத்தோடு, ஆள் பெயர் இல்லாமல் எழுதுகிறேன்.

படகில் இருந்தது மூன்று சிலிண்டர் கொண்ட ஜப்பானிய டீசல் இஞ்சின். படகோடு வந்த பழைய இஞ்சினை எடுத்துவிட்டு முந்தைய உரிமையாளர் வைத்தது. இஞ்சின் ஓடும்போது பேட்டரியை நிரப்புவது ஆல்டர்னேட்டர். அவரே பழைய 55 ஆம்பியர் ஆல்டர்னேட்டரைக் கழற்றி 80 ஆம்பியர் ஒன்றைப் பொருத்தியிருந்தார். இப்போதைய உரிமையாளர் போன வருடம் கேபினுக்கான லெட் ஆசிட் பேட்டரிகளை மாற்றி 200 ஆம்பியர்-மணி லித்தியம் பேட்டரி போட்டார். இந்த இரண்டு மாற்றங்களும் பிறகு முக்கியமாகப் போகின்றன. அப்போது யாரும் இவற்றை இஞ்சின் விஷயமாக நினைக்கவில்லை.

பிப்ரவரியில் நடந்தது இது. வடகிழக்குப் பருவக்காற்றுக் காலத்தில் வானம் தெளிவாக இருக்கும், கடலும் அடங்கியிருக்கும். காலையில் நல்ல காற்று அடிக்கும், மதியத்துக்கு மேல் அப்படியே செத்துவிடும். அதனால் பாய்மரப் படகு என்றாலும் பாதி தூரம் இஞ்சினில்தான் ஓடும். தாய்லாந்தின் கோ லிபே தீவு வரை முதல் கட்டம், ஏறக்குறைய 30 கடல் மைல். அங்கிருந்து தீவு தீவாக ஃபூக்கெட். இதுதான் திட்டம்.

கிடைத்தது

கிளம்புவதற்கு முன் ஆயில் மாற்றக் கூப்பிட்டிருந்தார்கள். கேபினுக்குள் இறங்கும் படிக்கட்டைத் தூக்கினால் இஞ்சினின் முன்பக்கம் தெரியும். புல்லிகளும் பெல்ட்டும் நம்மைப் பார்த்து இருக்கும், கியர்பாக்ஸ் படகின் பின்பக்கம் நோக்கி இருக்கும். இஞ்சினுக்கு அடியில் எண்ணெய் சொட்டுவதைத் தாங்க ஒரு தட்டு. ஆயிலை இறக்கிவிட்டுத் தட்டைத் துணியால் வழிக்கும்போது, பின் மூலையில், புரொப்பெல்லர் ஷாஃப்டை கியர்பாக்ஸோடு இணைக்கும் கப்ளிங்கின் நேர் கீழே, கறுப்புக் கசடுக்குள் ஒரு போல்ட் கையில் தட்டுப்பட்டது. முழு போல்ட், உடைந்த துண்டு இல்லை. பக்கத்தில் நட் எதுவும் கிடைக்கவில்லை.

உரிமையாளர் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. "பழைய ஆள் கைதவறிப் போட்டிருப்பான். இந்தப் படகுல எங்க திறந்தாலும் ஒரு ஸ்க்ரூ கிடக்கும்" என்றார். அதில் உண்மை இல்லாமல் இல்லை. நாற்பது வயதுப் படகில் பலகையைத் தூக்கினால் எட்டுவிதமான திருகாணிகள் கிடைக்கும். அவர் மனைவிக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. "தட்டை நான்தான் போன முறை துடைச்சேன், அப்போ இது இல்ல" என்றார். படகின் பதிவேட்டைப் புரட்டினார். நவம்பரில் ஆயில் மாற்றி, தட்டையும் சுத்தம் செய்ததாக அவர் கையெழுத்திலேயே இருந்தது. அதன் பிறகு இஞ்சின் ஓடியது 60 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். இடையில் யாரும் இஞ்சினில் கைவைத்ததாகக் குறிப்பு இல்லை.

புறப்படுவதா, தேடுவதா

மறுநாள் காலை கிளம்புவதாக இருந்தது. இஞ்சின் அதுவரை ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. சூடு ஏறவில்லை, வழக்கத்துக்கு மாறான சத்தமும் இல்லை. போய்விட்டு வந்து பார்க்கலாம் என்பது ஒரு யோசனை. அண்ணன் அதற்கு ஒத்துக்கொள்ளவில்லை. போல்ட் கிடந்த இடம்தான் காரணம்.

கப்ளிங் போல்ட் ஒன்று கழன்றிருந்தால் மற்றவையும் கழலும் நிலையில் இருக்கலாம். கப்ளிங் விட்டுப்போய் ரிவர்ஸ் கியர் போட்டால் புரொப்பெல்லர் ஷாஃப்டையே பின்னால் இழுத்துக்கொண்டு போகும். ஷாஃப்ட் வெளியே வந்துவிட்டால் அந்தத் துளை வழியாகக் கடல் உள்ளே வரும். அவ்வளவு தூரம் போகாவிட்டாலும், சுக்கானில் போய் இடித்தால் திருப்ப முடியாது. இந்தச் சந்தேகம் தீராமல் ஸ்டார்ட் செய்வதில்லை என்று முடிவானது. பேட்டரி மெயின் சுவிட்சுகள் எல்லாவற்றையும் அணைத்தோம். ஆல்டர்னேட்டருக்கு வரும் தடித்த கேபிளில் எப்போதும் மின்சாரம் இருக்கும். ஸ்பேனர் அதிலும் இஞ்சினிலும் ஒருசேரப் பட்டால் தீப்பொறி பறக்கும்.

கப்ளிங்கைப் பார்க்க அதிக நேரம் ஆகவில்லை. நான்கு போல்ட்டும் இருந்தன, இறுக்கமாக இருந்தன, கிடைத்ததை விடத் தடிமனாக இருந்தன. பெரிய பயம் அங்கேயே தீர்ந்தது. அதோடு ஒரு விஷயமும் தெளிவானது: போல்ட் கிடந்த இடத்தை நம்பக் கூடாது. பாய்மரப் படகு காற்றில் ஓடும்போது இருபது பாகை வரை சாய்ந்தே ஓடும், திரும்பும்போது மறுபக்கம் சாயும், அலையில் முன்னும் பின்னும் ஆடும். தட்டில் விழுந்த எந்தப் பொருளும் ஒருநாள் ஓட்டத்துக்குள் தட்டு முழுக்க உருண்டு, ஆழமான மூலையில் போய்த்தான் நிற்கும். காரிலோ ஜெனரேட்டரிலோ போல்ட் கிடந்தால் அதற்கு நேர் மேலே பார்ப்பது நியாயம். இங்கே அது வேலைக்கு ஆகாது.

போல்டைப் பார்த்தது

அடுத்து, துளையைத் தேடுவதற்கு முன்னால் போல்டைக் கழுவி மேசை விளக்கில் வைத்துப் பார்த்தோம். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

காந்தம் பிடித்தது. படகில் மேல்தளம், பாய், கம்பி, கதவு, தொட்டி என்று எல்லா இடத்திலும் இருப்பது ஸ்டெயின்லெஸ் போல்ட்கள், தலையில் ஏ4-70 என்று அச்சிட்டிருக்கும். அவை காந்தத்தில் ஒட்டுவதில்லை, ஒட்டினாலும் பேருக்குத்தான். ஆக, இது மேலே எங்கிருந்தோ விழுந்ததல்ல.

தண்டின் விட்டம் 8 மி.மீ., மரையின் இடைவெளி 1.25 மி.மீ., தலைக்குக் கீழே நீளம் 30 மி.மீ. இதெல்லாம் உலகம் முழுக்கக் கிடைக்கிற அளவு. தலையின் அளவுதான் பேசியது. ஐரோப்பிய வழக்கில் 8 மி.மீ. போல்ட்டுக்கு 13 ஸ்பேனர் வேண்டும். இதற்கு 12 ஸ்பேனர் கச்சிதமாக உட்கார்ந்தது. 8 மி.மீ. தண்டுக்கு 12 தலை என்பது ஜப்பானிய இஞ்சின்களின் பழக்கம். தலையில் 7 என்ற எண்ணும் இருந்தது. சதுர மில்லிமீட்டருக்கு 70 கிலோ இழுப்பைத் தாங்கும் என்ற ஜப்பானியக் குறி அது. ஐரோப்பிய போல்ட்டாக இருந்தால் 8.8 என்றிருக்கும். பிரான்சில் கட்டிய படகில் ஜப்பானிய போல்ட் வந்து சேர ஒரே இடம்தான், இஞ்சின். அந்த 7-இன் பள்ளத்துக்குள் இஞ்சினின் சாம்பல் பெயின்ட் கொஞ்சம் மிச்சமிருந்தது வேறு.

சரி, இஞ்சினுடையதுதான். ஆனால் யாரோ கைதவறி விட்ட பழைய போல்ட்டாக இருக்கலாமே? அதற்குப் பதில் மரையில் இருந்தது. நுனியில் நான்கைந்து சுற்று மரைகள் ஒரே பக்கமாகத் தட்டையாகிப் பளபளத்தன. தலைப்பக்க மரைகள் கூர்மையாக அப்படியே இருந்தன. போல்ட் மெல்ல மெல்லக் கழன்று, கடைசி நான்கைந்து சுற்றில் தொங்கிக்கொண்டு, வெகுநேரம் பக்கவாட்டில் ஆடி அடிபட்டிருந்தால்தான் இப்படித் தேயும். கையிலிருந்து நழுவி விழுந்த போல்டில் இது இருக்காது. மரைப் பள்ளத்தில் செந்தூள் எண்ணெயோடு குழைந்து ஒட்டியிருந்தது. இரும்போடு இரும்பு இடைவிடாமல் உரசினால் உதிரும் துரு அது. தலையின் அடியில் வாஷர் சுழன்ற பளிச்சென்ற வளையம். அப்புறம் கசடில் காந்தத்தை இழுத்துப் பார்த்ததில் ஒரு ஸ்பிரிங் வாஷரும் வந்தது.

அண்ணன் உரிமையாளரிடம் போல்டைக் கொடுத்து, "இது சும்மா விழுந்தது இல்ல சார். ரொம்ப நாள் ஆடிட்டுத்தான் விழுந்திருக்கு. எங்கேயோ ஒரு பாகம் இப்பவும் ஆடுது" என்றார். பயணத்தைத் தள்ளிப்போட உரிமையாளர் அப்போதே சம்மதித்தார்.

துளையைத் தேடியது

இஞ்சினைச் சுற்றித் தடவிப் பார்த்துக் காலித் துளை தேடுவது நாள் முழுக்க இழுக்கும். அந்த இஞ்சினில் 12 தலை போல்ட்கள் ஏராளம். அதனால் உதிரிபாகப் புத்தகத்திலிருந்து ஆரம்பித்தோம். ஒவ்வொரு பாகத்தையும் பிரித்து வரைந்த படமும், பக்கத்தில் போல்ட்டின் விட்டம், நீளம், எண்ணிக்கையும் அதில் இருக்கும். 8×30 என்று வருகிற இடங்களை மட்டும் பென்சிலால் வட்டமிட்டோம். கியர் கேபிளின் தாங்கி, இஞ்சின் தண்ணீரைக் குளிர்விக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் கால், முன்பக்க உறையின் ஒரு ஓரம், ஆல்டர்னேட்டர் பிராக்கெட், இவ்வளவுதான்.

முதல் மூன்றும் பத்து நிமிடத்தில் முடிந்தன. எல்லாம் இருந்தன, இறுக்கமாகவும் இருந்தன.

பிராக்கெட் வேறு கதை. ஆல்டர்னேட்டர் இடப்பக்கம் இருக்கிறது. அதைத் தாங்கும் பிராக்கெட், ஆல்டர்னேட்டருக்கும் இஞ்சின் பிளாக்குக்கும் நடுவில், ஹீட் எக்ஸ்சேஞ்சரின் ஹோஸுக்குக் கீழே ஒளிந்திருக்கிறது. இஞ்சினைப் பக்கவாட்டில் பார்க்கப் படகில் ஒரு சின்னக் கதவு உண்டு, ஆனால் அது வலப்பக்கம். இடப்பக்கம் பலகைச் சுவர். நேராகப் பார்க்க வழியே இல்லை. கைபேசியில் வீடியோவை ஓடவிட்டு, விளக்கோடு கைக்கு எட்டிய தூரம் நுழைத்து எடுத்தோம். திரையில் பிராக்கெட்டின் கீழ்த் துளை காலியாக, சுற்றிலும் செந்தூள் படிந்து தெரிந்தது. மேல் போல்ட் இருந்தது. ஆனால் அதன் தலைக்கும் வாஷருக்கும் நடுவில் வெளிச்சம் தெரிந்தது. ஆல்டர்னேட்டரைப் பிடித்து அசைத்தால் பிராக்கெட்டே அசைந்தது.

அந்த ஒரே பெல்ட்தான் ஆல்டர்னேட்டரையும், இஞ்சினைக் குளிர்விக்கும் நல்ல தண்ணீர் பம்பையும் சுற்றுகிறது. மேல் போல்ட்டும் விழுந்திருந்தால் ஆல்டர்னேட்டர் சாய்ந்து பெல்ட் கழன்றிருக்கும். பம்ப் நின்று இஞ்சின் கொதித்திருக்கும், அதுவும் காற்றில்லாத மதிய வேளையில், இரண்டு தீவுகளுக்கு நடுவில்.

பதிவேடு சொன்னது

இடம் தெரிந்தபின் பதிவேட்டை இன்னொரு முறை படித்தோம். நவம்பருக்கும் பிப்ரவரிக்கும் நடுவில் 'பெல்ட் தளர்வு, இறுக்கியது' என்று மூன்று முறை எழுதியிருந்தது. பெல்ட் கீச்சிட்டதாக ஒரு குறிப்பு. படிக்கட்டின் பின்புறம் கறுப்புத் தூள் படிந்ததாகவும், துடைத்ததாகவும் இன்னொன்று. பெல்ட்டின் ரப்பர் தேய்ந்து பறக்கும் தூள் அது.

புது பெல்ட் முதலில் கொஞ்சம் நீளும், ஒருமுறை இறுக்க வேண்டியிருக்கும். அதே பெல்ட் மூன்றாவது முறையும் தளர்ந்தால் நீள்வது பெல்ட் அல்ல, அதைத் தாங்கியிருப்பது நகர்கிறது. ஒவ்வொரு குறிப்பையும் தனியாகப் பார்த்தால் சாதாரணப் பராமரிப்புதான். போல்ட் கையில் வந்த பிறகுதான் மூன்றும் ஒரே விஷயத்தைச் சொன்னது புரிந்தது. உரிமையாளரைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை. எழுதி வைத்திருந்ததே பெரிய விஷயம். நாங்கள் பார்க்கும் படகுகளில் பாதிக்கு மேல் பதிவேடே கிடையாது.

ஏன் கழன்றது

அதே போல்டைத் திரும்பப் போட்டு முறுக்கிவிட்டால் அரைமணி வேலை. அண்ணன் அதைச் செய்யவில்லை. கழன்ற காரணம் அங்கேயே இருந்தால் புது போல்ட்டும் கழலும். ஆல்டர்னேட்டரையும் பிராக்கெட்டையும் வெளியே எடுத்தோம்.

போல்ட் ஏன் தானாகக் கழல்கிறது என்பதை 1969-இல் கெர்ஹார்ட் யுங்கர் என்ற ஜெர்மானியப் பொறியாளர் சோதனை செய்து காட்டினார். போல்டை அதன் நீளவாக்கில் இழுத்து ஆட்டுவதை விட, அது பிடித்திருக்கும் பாகங்கள் பக்கவாட்டில் ஒன்றன்மேல் ஒன்று வழுக்குவதுதான் வேகமாகக் கழற்றுகிறது. ஸ்பிரிங் வாஷர் அதைத் தடுக்காது என்பதும் அந்த வகைச் சோதனைகளில் திரும்பத் திரும்பத் தெரிந்தது. எங்கள் பக்கம் மட்டும் இன்னும் ஸ்பிரிங் வாஷர் போட்டால் போதும் என்ற நம்பிக்கை போகவில்லை.

பிராக்கெட்டைப் பக்கவாட்டில் வழுக்க வைத்தது எது? இரண்டு விஷயங்கள் கண்ணில் பட்டன. ஒன்று, புல்லிகள் நேர்கோட்டில் இல்லை. கிராங்க் புல்லியின் முகத்தில் நேரான இரும்புப் பட்டையை வைத்துப் பார்த்தால் ஆல்டர்னேட்டர் புல்லி 3 மி.மீ. பின்தள்ளி இருந்தது. பெரிய ஆல்டர்னேட்டரின் கால் பழையதைப் போல இல்லை. இடையில் போட வேண்டிய ஸ்பேசர் இல்லாமலே பொருத்தியிருந்தார்கள். பெல்ட் கோணலாக ஓடி, சுற்றுக்குச் சுற்று பிராக்கெட்டைப் பக்கவாட்டில் இழுத்திருக்கிறது.

இன்னொன்று லித்தியம் பேட்டரி. 80 ஆம்பியர், 14 வோல்ட் என்றால் 1,120 வாட். ஆல்டர்னேட்டரின் திறன் இழப்பையும் சேர்த்தால் பெல்ட் ஏறக்குறைய 2 கிலோவாட் இழுக்க வேண்டும். 10 மி.மீ. ஒற்றை வி-பெல்ட்டுக்கு அதுவே விளிம்பு. லெட் ஆசிட் பேட்டரி இருந்தவரை இந்தச் சுமை கொஞ்ச நேரம்தான். பேட்டரி நிரம்ப நிரம்ப அதுவே மின்னோட்டத்தைக் குறைத்துக்கொள்ளும். லித்தியம் அப்படி இல்லை, நிரம்பும் தறுவாய் வரை கொடுத்ததையெல்லாம் வாங்கும். இரண்டு மணி நேரம் இஞ்சின் ஓடினால் இரண்டு மணி நேரமும் முழுச் சுமை. பெல்ட் வழுக்கிக் கீச்சிட, உரிமையாளர் இன்னும் இறுக்க, பிராக்கெட்டின் மேல் இழுப்பு இன்னும் கூடியிருக்கிறது.

கோணல் புல்லி பல வருடமாக இருந்தது, அப்போதெல்லாம் போல்ட் கழலவில்லை. லித்தியம் வந்த ஒரு வருடத்துக்குள் கழன்றது. அதனால் பேட்டரி மாற்றம்தான் தூண்டியது என்பது அண்ணனின் கணிப்பு, எனக்கும் அதுதான் படுகிறது. பேட்டரி பொருத்திய எலக்ட்ரீஷியன் மின்சார வேலையைச் சுத்தமாகவே செய்திருந்தார். பெல்ட் வரை யோசிக்கச் சொல்லி யாரும் அவரிடம் கேட்கவில்லை.

செய்த வேலை

பிராக்கெட்டின் கீழ்த் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருந்தது. சிவப்புச் சாயம் தடவி விரிசல் பார்த்தோம், இல்லை. ஆனாலும் தேய்ந்த துளையோடு திரும்பப் போடுவதில்லை என்று முடிவு செய்து புது பிராக்கெட் ஆர்டர் செய்தோம். தடித்த வாஷர் வைத்துச் சமாளித்து உடனே கிளம்பலாம் என்று உரிமையாளர் ஒருமுறை கேட்டார். வாஷர் தேய்மானத்தை மூடும், தேய்ந்த முகம் வழுக்குவதை நிறுத்தாது என்று அண்ணன் விளக்கினார். பாகம் வந்து சேர இரண்டு வாரம் ஆனது.

பிளாக்கில் இருந்த துளையின் வாய்ப்பக்கம் இரண்டு சுற்று மரை சிதைந்திருந்தது. மரை வெட்டும் கருவியான டேப்பின் பள்ளங்களில் கிரீஸ் தடவி, தூள் உள்ளே தங்காதபடி மரையைச் சீர்செய்தோம். பிராக்கெட்டின் கனம் 12, வாஷர் 2 போனால், 30 மி.மீ. போல்ட்டில் பிளாக்குக்குள் போவது 16. சிதைந்த இரண்டு சுற்றுக்கு 2.5 கழித்தால் பிடிமானம் 13.5 மி.மீ. வார்ப்பிரும்பில் விட்டத்தைப் போல ஒன்றரை மடங்கு, அதாவது 12 இருந்தால் போதும். அதனால் துளையைப் பெரிதாக்க வேண்டி வரவில்லை.

இரண்டு போல்ட்டும் புதியவை. மேல் போல்ட் பார்க்க நன்றாக இருந்தாலும் தனியாகச் சுமந்தது என்பதால் அதையும் எறிந்தோம். ஸ்பிரிங் வாஷருக்குப் பதில் கெட்டியான தட்டை வாஷர், மரையில் நீல நிறப் பூட்டுத் திரவம். சிவப்புத் திரவம் இன்னும் கெட்டியாகப் பிடிக்கும், ஆனால் பிறகு கழற்ற 250 பாகை வரை சூடாக்க வேண்டும். ஹோஸ்களுக்கு நடுவில் படகுக்குள் டார்ச் பிடிப்பது யாருக்கும் விருப்பமான வேலை இல்லை. துளையில் எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் திரவம் பிடிக்காது என்பதால் கழுவிக் காய வைப்பதற்குத்தான் அதிக நேரம் ஆனது. 25 நியூட்டன்-மீட்டரில் டார்க் ரெஞ்சால் முறுக்கி, தலையிலிருந்து பிராக்கெட் வரை மஞ்சள் பெயின்ட்டால் ஒரு கோடு. போல்ட் கொஞ்சம் திரும்பினாலும் கோடு உடைந்து காட்டிவிடும்.

ஸ்பேசர் கடைந்து வைத்துப் புல்லிகளை நேர்ப்படுத்தினோம். ஆல்டர்னேட்டர் இனி ஸ்டார்ட்டர் பேட்டரியை மட்டும் நேரடியாக நிரப்பும். லித்தியத்துக்கு நடுவில், 30 ஆம்பியருக்கு மேல் போகவிடாத டிசி-டிசி சார்ஜர். அதனால் பெல்ட்டின் சுமை பாதிக்கும் கீழே வந்தது.

அதன் பிறகு

லங்காவியின் குவா ஊருக்கு எதிரே இருக்கும் விரிகுடாவில் இரண்டு மணி நேரம் ஓட்டிப் பார்த்தோம். மஞ்சள் கோடுகள் உடையவில்லை. கோ லிபே போய்ச் சேர்ந்ததும் உரிமையாளரின் மனைவி கைபேசியில் எடுத்து அனுப்பிய படத்திலும் கோடுகள் அப்படியே இருந்தன. ஃபூக்கெட் போய்த் திரும்பி வந்தபோது படிக்கட்டின் பின்புறம் வெள்ளைத் துணியால் துடைத்துப் பார்த்தோம், கறுப்புத் தூள் இல்லை. பெல்ட்டை ஒருமுறை, அதுவும் புதிது என்பதால், இறுக்கியிருந்தார்கள்.

மாற்றியவை

தட்டுக்கு வெள்ளைப் பெயின்ட் அடித்தாகிவிட்டது. எண்ணெய்த் துளியோ போல்ட்டோ செந்தூளோ எது விழுந்தாலும் இனிமேல் தெரியும். பதிவேட்டில் பெல்ட்டுக்கு என்று தனிப் பத்தி இருக்கிறது, இரண்டாவது முறை இறுக்க வேண்டி வந்தால் பிராக்கெட்டைக் கைபேசியில் படமெடுக்க வேண்டும் என்று அதன் தலைப்பிலேயே எழுதியிருக்கிறார்கள். இடப்பக்கப் பலகையில் கை நுழையும் அளவுக்கு ஒரு வட்டத் திறப்பு வெட்டி மூடி போட்டோம். இதை முதல் நாளே வெட்டியிருந்தால் பாதி வேலை மிச்சம். எங்கள் பட்டறையில் யாராவது லித்தியம் பேட்டரி போட்டதாகச் சொன்னால் இப்போது பெல்ட்டின் அகலத்தையும் புல்லியின் நேரையும் சேர்த்துப் பார்க்கிறோம்.

தீராமல் நிற்பது ஒன்று உண்டு. 30 ஆம்பியரில் 200 ஆம்பியர்-மணி பேட்டரி நிரம்ப ஏழு மணி நேரம் இஞ்சின் ஓட வேண்டும். முன்பு இரண்டரை மணியில் முடிந்தது. உரிமையாளருக்கு இது பிடிக்கவில்லை. அகலமான பெல்ட்டும் அதற்கேற்ற புல்லிகளும் போட்டுப் பழைய வேகத்துக்குப் போவதா, இல்லை மேல்தளத்தில் இன்னொரு சோலார் பலகை வைப்பதா என்று விலை விசாரித்துக்கொண்டிருக்கிறார். அண்ணன் சோலார் பக்கம்.